அழமுதல் அந்த அம்மா என்ன செய்துகொண்டிருந்தா?

முதன்முதலாகக் கமராவுக்கு முன்னால் இருந்தபோது எனக்கு 47 வயது. யாழ்ப்பாணத்து வடமராட்சியில் ஒரு பழைய நாற்சார் வீடு, கிணற்றடியில் ஜெனரேற்றர், விறாந்தையில் இரண்டு லைட், சுற்றிவர என் மாணவர்களின் வயதில் ஏழெட்டுப் பிள்ளைகள். டிரெக்டர் தம்பி வந்து, "அம்மா, நீங்கள் இந்தத் தூணோடை இருந்து அழுதால் காணும், வசனம் ஒண்டும் இல்லை" என்றார். அழுதேன். பள்ளிக்கூடத்தில் தமிழ்த்தினப் போட்டிக்கு வருடா வருடம் நாடகம் பழக்கியவள், அழுவது எனக்குக் கடினமில்லை. நாலு டேக் போனது, எல்லோரும் நல்லாயிருக்கு என்றார்கள். பிறகு படம் முடிந்து ஒரு சின்ன மண்டபத்தில் போட்டுக் காட்டியபோதுதான் விளங்கியது. திரையில் ஒரு பெண் தூணோடு சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள், ஆனால் அவள் யார், அந்தக் குசினியில் காலையில் என்ன சமைத்தாள், அந்தச் செய்தி வரும்போது எந்த வேலையைப் பாதியில் விட்டாள், ஒன்றுமே தெரியவில்லை. அழுகைக்கு முன்னால் அவளுக்கு ஒரு நாள் இருந்ததாகவே தெரியவில்லை.

அன்றிலிருந்து எந்தக் கதை வந்தாலும் நான் கேட்கிற முதல் கேள்வி அதுதான். அழமுதல் அந்த அம்மா என்ன செய்துகொண்டிருந்தா?

அண்மையில் இரண்டு தங்கச்சிமார் குணச்சித்திர வேடங்களில் நடிக்க விருப்பம், எங்கே தொடங்குவது என்று கேட்டார்கள். நேரில் சொல்லத் தொடங்கி பஸ் வந்துவிட்டதால் பாதியில் நின்றுபோனது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிங்கள இயக்குநர் தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தில் வைத்து எடுத்த 'பொன்மணி' 1977இல் வந்தபோது எனக்கு 13 வயது. எங்கள் ஊர் ஒழுங்கையும் வேலியும் படத்தில் வரலாம் என்பதே அப்போது எனக்குப் புதினம். அடுத்த வருடம் குழந்தை சண்முகலிங்கம் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். 1985இல் அவர் எழுதிய 'மண் சுமந்த மேனியர்' ஊர் ஊராகப் போனது, அதைப் பார்த்துவிட்டு வந்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. நானும் மேடையில் ஏறப்போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது அம்மா, "கூத்திலை பொம்பிளை வேசமே ஆம்பிளையள்தான் கட்டுறவை, உனக்கென்ன அவசரம்?" என்று கேட்டா. அவவைக் குறை சொல்ல மாட்டேன், எங்கள் ஊர்க் கூத்திலும் இசை நாடகத்திலும் நெடுங்காலம் வழக்கம் அதுதான். அப்பாதான் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஒத்திகைக்கு விட்டுவிட்டு, முடியும்வரை மதகில் இருந்து பேப்பர் வாசித்துக்கொண்டு காத்திருப்பார்.

சினிமா என்பது எங்களுக்கு எட்டாத இடத்தில் இருந்தது. 1983 கலவரத்தில் கொழும்புக்குக் கிட்ட ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்ரூடியோ எரிந்தது, அதோடு ஈழத்துத் தமிழ்ப் படத்துக்கு இருந்த கொஞ்ச வாய்ப்பும் போனது. 1990க்குப் பிறகு பல வருடம் யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி ரேடியோவில் நாடகம் கேட்ட காலம் அது. ஒருவர் மிதியைச் சுற்ற மற்றவர்கள் காதைக் கொடுத்துக் கேட்போம். குரலுக்குள் ஒரு ஆள் எப்படி முழுசாக இருக்கலாம் என்பதை நான் அங்கேதான் படித்தேன், எந்தப் பட்டறையிலும் இல்லை. யுத்தம் முடிந்து சின்னக் கமராக்கள் வந்து பெடியன்கள் குறும்படம் எடுக்கத் தொடங்கியபோது அவர்களுக்கு அம்மாக்களும் அம்மம்மாக்களும் தேவைப்பட்டார்கள். அப்படித்தான் என்னைத் தேடி வந்தார்கள்.

சரி, தொழிலுக்கு வருகிறேன்.

மேடையில் இருந்து வருபவர்களுக்கு முதலில் வரும் சிக்கல் குரல். யாழ்ப்பாணம் வீரசிங்கம் மண்டபத்தில் கடைசி வரிசைக்குக் கேட்கவேண்டும் என்று பழகிய தொண்டை இது. என் முதல் வசனத்திலேயே சவுண்ட் பார்க்கிற தம்பி காதில் இருந்ததைக் கழற்றிவிட்டார். "அம்மா, அவர் உங்களுக்குப் பக்கத்திலைதானே இருக்கிறார், அவருக்கு மட்டும் சொல்லுங்கோ" என்றார். எனக்குக் கிடைத்த மிக நல்ல பாடங்களில் அதுவும் ஒன்று. அப்புறம் சீலை. சட்டைக்குள் மைக் குத்தும்போது பட்டுச் சீலையும் கஞ்சி போட்ட புதுச் சீலையும் சரசரக்கும், வசனம் எல்லாம் அந்தச் சத்தத்துக்குள் போய்விடும். நாலைந்து தடவை தோய்த்த நூல் சீலைதான் நல்லது. நான் இப்போது படப்பிடிப்புக்கென்றே மூன்று நூல் சீலை, இரண்டு வீட்டுச் சட்டை, ஒரு வெள்ளைச் சீலை என்று தனிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். சின்னத் தயாரிப்புகளில் உடுப்புக்கென்று யாரும் இருக்க மாட்டார்கள், உங்கள் அலுமாரிதான் அவர்களின் உடுப்பு அறை.

கைவேலையைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். ஒரு காட்சியில் இருந்து வசனம் பேசச் சொன்னால் நான் கைக்கு ஒரு வேலை கேட்பேன். ஒருமுறை முருங்கையிலை ஆய்வது என்று தீர்மானித்தோம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு டேக்குக்கும் இலை குறைந்துகொண்டே போனது. முதல் ஷொட்டில் சுளகு நிறைய இருந்த இலை, அடுத்த பக்கத்தால் எடுக்கும்போது பாதி, பிறகு வெறும் காம்பு. ஒட்டிப் பார்த்தால் இலை கூடிக் குறைந்து துள்ளும். பிள்ளைகள் வேலிக்கு ஓடி ஓடி முருங்கைக் கொப்பு முறித்தார்கள், அரை நாள் போனது. அதிலிருந்து கற்றது: எத்தனை தடவை செய்தாலும் மாறாத வேலையைத் தெரிவுசெய்யவேண்டும். அரிசியில் கல் பொறுக்குவது நல்லது, அரிசி அப்படியே இருக்கும். காய்ந்த உடுப்பு மடிப்பது நல்லது, உதறிவிட்டுத் திரும்ப மடிக்கலாம். தேங்காய் திருவுவது, வெங்காயம் உரிப்பது, அடுப்பில் புட்டு அவிப்பது எல்லாம் கஷ்டம். ஆவி ஒரு டேக்கில் வரும், மறு டேக்கில் வராது. எந்த வேலையாக இருந்தாலும் ஒவ்வொரு ஷொட் முடியவும் உதவிக்கு நிற்கிற பிள்ளையிடம் ஒரு படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், எந்தக் கையில் எது இருந்தது, சீலைத் தலைப்பு எந்தத் தோளில் என்று. யாரும் இல்லாவிட்டால் உங்கள் போனில் நீங்களே எடுங்கள்.

ஆனால் கைவேலைக்கும் சத்தம் உண்டு. சுளகில் அரிசி உருளும்போது வசனம் கேட்காது என்று சவுண்ட் தம்பி முறையிட்டார். அதற்காக வசனம் வரும் இடத்தில் கையை நிறுத்திப் பழகினேன். அப்படி நிறுத்தியபோது நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. மகன் வெளிநாடு போகப்போகிறேன் என்று சொல்கிறான், நான் நிமிர்ந்து பார்க்கவில்லை, அரிசிக்குள் போன விரல் அப்படியே நின்றுவிட்டது. டிரெக்டர் கட் சொல்ல மறந்துபோனார். தூணோடு இருந்து அழுததில் வராதது அந்த நின்ற விரலில் வந்தது. இதை எந்தப் புத்தகத்திலும் வாசித்துப் படிக்கவில்லை, சவுண்ட்காரரின் முறைப்பாட்டால் படித்தேன்.

அழுகைக் காட்சிக்கு ஒரு கணக்கு இருக்கிறது. வழக்கமாக முதலில் தூரத்து ஷொட், பிறகு இடுப்பளவு, கடைசியில்தான் முகம். தெரியாமல் தூரத்து ஷொட்டிலேயே கண்ணீர் எல்லாம் விட்டுவிட்டால் முகத்துக்கு வரும்போது கண் காய்ந்து தலை இடிக்கும். ஆகவே ஒவ்வொரு ஷொட்டுக்கு முன்னும் "தம்பி, என்னை எவ்வளவுக்குப் பிடிக்கிறீங்கள்?" என்று கேளுங்கள், அது உங்கள் உரிமை. தூரத்துக்கு முதுகும் தோளும் காணும். கிளிசரின் பாவிப்பதென்றால் கண்ணுக்குக் கீழே துளி, கண்ணுக்குள் விடவே கூடாது, எரிந்து சிவந்தால் அன்றைய நாள் போய்விடும். எதிரில் இருப்பவரைப் பார்க்கும்போது இரண்டு கண்ணையும் மாறி மாறிப் பார்த்தால் திரையில் உங்கள் கண் அலைவதுபோலத் தெரியும், கமராவுக்குக் கிட்ட இருக்கிற அவருடைய கண்ணை மட்டும் பாருங்கள். அப்புறம், அவருடைய முகத்தை எடுக்கும்போது நீங்கள் திரையில் இல்லையே என்று வசனத்தைச் சும்மா ஒப்புவிக்காதீர்கள். நான் அந்த நேரம்தான் முழுசாக நடிப்பேன். பதினெட்டு வயதுப் பிள்ளை ஒன்று முதன்முதலாக நடிக்கும்போது அதற்குப் பிடித்துக்கொள்ள இருப்பது என் முகம் ஒன்றுதானே.

மனோரமா ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்தவர், கின்னஸ் புத்தகத்தில் பெயர் வந்தவர் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது 1968இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தின் ஜில் ஜில் ரமாமணியை. சிவாஜியும் பத்மினியும் கதையைத் தூக்கிக்கொண்டு போகும் படத்தில் அந்த நாடகக்காரி வாயெல்லாம் சிரிப்பாக வருகிறாள், ஆனால் அவளோடு சேர்ந்து ஒரு கொட்டகையும் ஊர் ஊராகப் போன களைப்பும் உள்ளே வருகின்றன. மனோரமா ஆச்சியே நாடக சபாவில் இருந்து வந்தவர் என்பதால் அதை வெளியே போய்த் தேடவேண்டியிருக்கவில்லை. '16 வயதினிலே'யில் மயிலின் தாய் குருவம்மாவாக வரும் காந்திமதியையும் அப்படித்தான் பார்க்கிறேன். அந்த வாயும் வசவும் ஒரே நாளில் வந்தவை அல்ல, அந்தத் தெருவில் பல வருடம் தனியாகப் பிள்ளை வளர்த்தவளின் வாய் என்று பார்த்த உடனே தெரியும்.

இளம் பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கை. 1953இல் பிறந்த ஸ்ரீவித்யா 1975இல் 'அபூர்வ ராகங்கள்' படத்தில் ஜெயசுதாவுக்குத் தாயாக நடித்தார். அவருடைய திறமைக்கு அது எதையும் குறைக்கவில்லை, ஆனால் அம்மா என்ற பெயர் ஒருமுறை ஒட்டினால் கழற்றுவது பாடு. இங்கேயும் 30 வயதுத் தங்கச்சிமாருக்குத் தலையில் பவுடர் போட்டு நரைக்க வைக்கிறார்கள். எங்கள் ஊரில் உண்மையான 60 வயதுக்காரர் நிறையப் பேர் இருக்கிறோம், எங்களைக் கூப்பிடுங்கள் என்று நான் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன்.

பேச்சு வழக்கு. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஸ்கிரிப்ற் எழுதுகிற பிள்ளைகள் சென்னைப் படமும் சீரியலும் பார்த்து வளர்ந்தவர்கள். "என்னடா ஆச்சு, சாப்பிட்டியா கண்ணா?" என்று எழுதிக்கொண்டு வருவார்கள். எந்த யாழ்ப்பாணத்து அம்மா அப்படிக் கேட்கிறா? "என்னடா, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு, சாப்பிட்டனியோ?" என்றுதானே கேட்பா. முதல்நாள் இரவே வசனத்தை வாங்கி, என் வாயில் வருகிற மாதிரிச் சொல்லி வொய்ஸ் மெசேஜ் போட்டு, சம்மதமா என்று கேட்டுவிடுவேன். படப்பிடிப்பில் நின்று சண்டை பிடித்தால் எல்லோருக்கும் நேரம் போகும். எங்களுக்குள்ளேயும் வடமராட்சிப் பேச்சு வேறு, தீவுப் பக்கம் வேறு, வன்னி வேறு. ஒருமுறை தீவுக்காரி வேடம் வந்தது. குறிகட்டுவானில் இருந்து நயினாதீவுக்கு இரண்டு நாள் படகில் போய் வந்தேன், கோயிலுக்குப் போனது மாதிரியும் ஆச்சு, படகில் இருந்த பெண்கள் கதைப்பதைக் கேட்டது மாதிரியும் ஆச்சு. சொல்லைவிட அவர்கள் காற்றுக்கு எதிராகக் குரலை ஏற்றுகிற விதம்தான் எனக்கு உதவியது.

சிங்களம் படியுங்கள் என்றும் சொல்வேன். தொலைக்காட்சி நாடக வேலை பெரும்பாலும் கொழும்பில், அதுவும் சிங்களத்தில். இயக்குநர் அசோக ஹந்தகம யாழ்ப்பாணத்தில் எடுத்த 'இனி அவன்' 2012இல் வந்தது, அதில் நடித்த நிரஞ்சனி சண்முகராஜா இரண்டு மொழியிலும் நடிக்கிறவர். எனக்கு அந்தக் கெட்டித்தனம் இல்லை. ஒரு சிங்கள நாடகத்தில் இரண்டு வரியைக் கருத்து விளங்காமல் ஒலியை மட்டும் பாடமாக்கிச் சொன்னேன், எதிரில் இருந்தவர் என்ன கேட்கிறார் என்று தெரியாமல் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பத்து நிமிசத்தை நான் மறக்க மாட்டேன்.

இப்போது சொல்லப்போவதை எழுதலாமா என்று யோசித்தேன். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் தொடர் போராட்டத்தில் இருக்கத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு ஒரு குறும்படத்தில் அப்படி ஒரு தாயாக என்னைக் கேட்டார்கள். ஸ்கிரிப்றில் படத்தை நெஞ்சோடு அணைத்து நிலத்தில் விழுந்து அழுகிறா என்று இருந்தது. எனக்குக் கை நடுங்கியது, ஏனென்றால் இது வேடம் இல்லை, அந்தப் பெண்கள் எங்கள் ஊரில், எங்கள் பஸ்ஸில், எங்களோடு சங்கக்கடையில் நிற்கிறவர்கள். தெரிந்த ஒரு அக்காவிடம் போனேன். நடிக்கலாமா என்று கேட்டேன், எப்படி நடிப்பது என்று கேட்கவில்லை. அவ தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டுச் சொன்னா, "நடி பிள்ளை. ஆனா எடுத்த உடனை விழுந்து அழாதை. இவ்வளவு காலத்துக்குப் பிறகு ஆரும் கேட்டால் நாங்கள் முதல் ஃபைலைத்தான் எடுப்பம். போட்டோக்கொப்பி ஒழுங்காக் கிடக்கோ எண்டு பார்ப்பம். மழை நனையாமல் பொலித்தீன் பையுக்கை வைச்சிருப்பம்." உள்ளே போய் அந்தப் பையைக் கொண்டுவந்து காட்டினா. ஒவ்வொரு கடதாசியும் வரிசையாக, மடிப்பு வெடித்த இடத்தில் செலோரேப் ஒட்டி.

அந்தக் காட்சியில் நான் செய்தது அது ஒன்றுதான். பையைத் திறந்து, கொப்பிகளை வரிசைப்படுத்தி, ஒன்றைக் காணாமல் திரும்பத் தேடி, கண்டெடுத்து வைத்தேன். டிரெக்டரிடம் முதலே சொல்லி ஸ்கிரிப்றை மாற்றிக்கொண்டோம். படத்தை முதலில் அந்த அக்காவுக்குத்தான் காட்ட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டேன், அவர்களும் சம்மதித்தார்கள். பார்த்து முடித்ததும் அவ ஒன்றும் சொல்லவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தா. ஊரில் உள்ள ஒருவரின் துயரத்தை நடிக்கப் போகிறீர்கள் என்றால் அவரிடம் போய்க் கேளுங்கள், முடிந்தபின் அவரிடம் காட்டுங்கள். இதை ஒரு வேண்டுகோளாகவே எழுதுகிறேன்.

காசு விசயம். நான் ஓய்வூதியக்காரி, அதனால் காசு கேட்க வெட்கப்பட்டேன், அந்த வெட்கம் என்னோடு நடித்த மற்றப் பெண்களுக்கும் தீமை செய்தது. ஒரு தயாரிப்பில் ஆறு நாள் நடித்தேன், பேசியதில் பாதி வந்தது, மிச்சம் "அண்ணை வெளியிலை இருந்து அனுப்பினவுடனை" என்று சொல்லி இன்றுவரை வரவில்லை. என்னைவிட மோசம், கூட நடித்த ஒரு பிள்ளை பஸ் காசும் கைக்காசில் போட்டு வந்தது. இப்போது போக முதலே வட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குகிறேன்: எத்தனை நாள், ஒரு நாளைக்கு எவ்வளவு, எத்தனை மணிக்கு விடுவீர்கள், இருட்டினால் யார் வீட்டில் கொண்டுவந்து விடுவது. பாதிக் காசு முதல் நாள் காலையில். வாய்ப்பேச்சில் அன்பாக இருக்கலாம், ஆனால் எழுத்தில் இருந்தால் பிறகு அன்பும் மிஞ்சும். மாணவர்கள் தங்கள் சொந்தக் காசில் எடுக்கும் படமென்றால் நான் வாங்குவதில்லை. ஆனால் சாப்பாட்டுப் பார்சலும், பக்கத்தில் மலசலகூடம் உள்ள ஒரு வீடும் வேண்டும் என்று கட்டாயம் சொல்வேன். பெண்கள் இதைக் கேட்கக் கூச்சப்பட்டு நாள் முழுக்கத் தண்ணி குடிக்காமல் இருப்பதைக் கண்டிருக்கிறேன். கூச்சப்படாதீர்கள்.

போன மாதம் ஒரு ஸ்கிரிப்ற் வந்தது. தனியாக இருக்கும் அம்மம்மா, ஒரே ஒரு காட்சி, வசனம் இல்லை. கடைசி வரி "அம்மம்மா அழுகிறா". எழுதிய தம்பிக்கு 22 வயது இருக்கும். என் வழக்கமான கேள்வியை அனுப்பினேன். "யோசிச்சுச் சொல்லுறன் அம்மா" என்றார். வெற்றிலைத் தட்டம் துடைக்கிறா, கோயிலுக்குப் பூக் கட்டுகிறா என்று ஏதாவது சொல்வார் என்று நினைத்திருந்தேன். மூன்றாம் நாள் வொய்ஸ் மெசேஜ் வந்தது. "அம்மா, அவ போனை சார்ஜிலை போட்டுட்டு அதுக்குப் பக்கத்திலை இருக்கிறா. மகள் கனடாவிலை இருந்து எடுக்கிற நேரம். போனிலை முழுச் சார்ஜும் இருக்கு, எண்டாலும் வயரைக் கழட்டாமல் இருக்கிறா."

எனக்கு இது தோன்றியிருக்காது. என் பழைய பட்டன் போனையும் அதன் சார்ஜரையும் தேடி எடுத்துத் துடைத்து மேசையில் வைத்திருக்கிறேன், வயர் கொஞ்சம் கட்டை, பிளக்குக்குக் கிட்டக் கதிரையை இழுத்துப் போடவேண்டும். படப்பிடிப்பு சனிக்கிழமை.